செம்பருத்தி வேலியில் தங்க நூல்

ஆகஸ்ட் 24

மண்வெட்டி மணிமாறன் என் கமெண்டுக்கு ஹார்ட் போட்டுவிட்டார்! நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"பாம்பாடி?"

"இல்லம்மா, மணிமாறன்!"

"அவன் எங்கடி இங்க வந்தான்?"

அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது? உலகத்தில் சமையல் வீடியோ போடுபவர்கள் இருக்கிறார்கள், டான்ஸ் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். களைகளைப் பற்றி மட்டுமே வீடியோ போடுகிறவர் ஒருவர்தான் இருக்கிறார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு "வணக்கம் களைப்பகைவர்களே" என்று அவர் ஆரம்பித்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். எல்லா வீடியோவும் பார்த்து முடித்தாயிற்று. காலேஜில் பி.காம் படிக்கிறேன் என்பது சும்மா. நான் உண்மையில் படிப்பது இதைத்தான்.

இன்று செம்பருத்தி வேலிக்கு அடியில் பிடுங்கியவை: நாயுருவி, குப்பைமேனி, பார்த்தீனியம் (கையுறை போட்டுக்கொண்டுதான்!), எங்கிருந்தோ பறவை கொண்டுவந்து போட்ட அரசங்கன்று ஒன்று. கீழாநெல்லியையும் பிடுங்கியதற்கு அம்மாவிடம் திட்டு. "அது மருந்துடி, கிறுக்கி. உன்ற மணிமாறனுக்கு மஞ்சக்காமாலை வந்தாத் தெரியும்."

ஹேமா அண்ணி மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பாதி, வானத்தைப் பாதி. தையில் கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படித்தான். நந்து அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட்ட பிறகு இன்னும் அதிகம். நான் பேசுவேன், அண்ணி கேட்பார், நடுவில் "அங்க பாரு மௌனி, அந்த மேகத்தோட அடி தட்டையா இருக்குது பாரு" என்பார். பார்ப்பேன். எனக்கு எல்லா மேகமும் ஒரே மேகம்தான். ஆனால் அண்ணி சொன்னால் அழகாக இருக்கும்.

எனக்கு அக்கா கிடையாது. இப்போது இருக்கிறார்.

ஆகஸ்ட் 27

கனவா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

காலையில் லேசான தூறல். வேலியின் கடைசி முனைக்குப் போனேன், அங்கே நாங்கள் யாரும் அதிகம் போவதில்லை. செம்பருத்தியின் மேல் யாரோ தங்க நூலைக் கோத்து வைத்தது போல இருந்தது. இலை இல்லை, பூ இல்லை. வெறும் நூல். மஞ்சள் என்று சொன்னால் பொய். சாயங்கால வெயிலைப் பிழிந்து நூலாகத் திரித்தால் என்ன நிறம் வருமோ அந்த நிறம். கிளையைச் சுற்றிச் சுற்றி, இலைக் காம்பைச் சுற்றி, அடுத்த கிளைக்குத் தாவி, அங்கேயும் சுற்றி. ஒவ்வொரு நூலின் நுனியும் காற்றில் எதையோ தேடிக்கொண்டு லேசாக ஆடியது. விரலை நீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றேன், அது என் விரலையும் பிடித்துக்கொள்ளுமா என்று.

வேர் எங்கே என்று தேடினேன். கிடைக்கவே இல்லை. மண்ணைத் தொடாமல் வாழ்கிற செடி!

இதைப் பிடுங்கப் போவதில்லை. போட்டோ எடுத்து, 'எங்கள் வேலியில் தங்க நூல்' என்று போட்டேன். கை வலிக்கிற அளவுக்கு நோட்டிஃபிகேஷன்.

ஆகஸ்ட் 29

மத்தியானம் அண்ணிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணியின் முடி அவ்வளவு அடர்த்தி. அப்போதுதான் சொன்னார்.

"மௌனி, எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்திருக்குது."

வானிலை நிலையத்தில். கடலோரத்தில், ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்தில். கல்யாணத்துக்கு முன்பே எழுதிய பரீட்சை. மழையை அளப்பது, காற்றை அளப்பது, மேகங்களைப் பார்த்து எழுதுவது. அண்ணி சொல்லும்போது குரலே வேறு மாதிரி இருந்தது, தண்ணீர் வரப்போகிற குழாய் மாதிரி.

வருகிறேனா இல்லையா என்று செப்டம்பர் 12க்குள் சொல்ல வேண்டுமாம். அண்ணனிடம் கேட்டாராம். "அம்மா சரின்னா எனக்கும் சரி" என்று கப்பலிலிருந்து சொல்லிவிட்டானாம்.

"அத்தைகிட்ட எனக்குக் கேக்கப் பயமா இருக்குது. வந்து ஒரு வருசங்கூட ஆகல, அதுக்குள்ள மருமக பெட்டி கட்டறான்னு நெனப்பாங்க. நீ கேளு சாமி. இணைச்சீருக்கு நின்னவ நீதான? நீ கேட்டாத் தட்ட மாட்டாங்க."

அது உண்மை. எங்கள் பக்கக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கையைப் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர் இணைச்சீர். அன்று நந்து அண்ணன் பக்கத்தில் பட்டுச்சேலையில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றவள் நான்தான். இணைச்சீர்க்காரியின் சொல்லை அண்ணன் வீட்டில் தள்ளக் கூடாது என்று அம்மாவே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அவளுடைய அண்ணனோடு சண்டை வரும்போதெல்லாம்.

"கேக்கறேன் அண்ணி. நாளைக்கே கேக்கறேன்" என்றேன்.

பின்னலைப் பிரித்து இன்னொரு முறை பின்னினேன். கோணலாக வந்துவிட்டது, அதனால்தான்.

ஆகஸ்ட் 30

அம்மாவுக்குத் தலைவலி. இன்று பேசவில்லை.

ஆகஸ்ட் 31

ஞாயிற்றுக்கிழமை. ரீல் எடுத்தோம்!

ஐடியா என்னுடையது. தங்க நூலில் கொஞ்சம் உருவி அண்ணியின் கூந்தலில் சுற்றினேன். பின்னலோடு பின்னலாக, நெற்றிச்சுட்டி மாதிரி முன்னாலும் ஒன்று. அண்ணி முதலில் வெட்கப்பட்டார். பிறகு வேலியோரமாக மெதுவாக நடந்தார், வானத்தைப் பார்த்துக்கொண்டே. நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து, தொட்டாற்சிணுங்கிக்குள் விழுந்து எழுந்தேன். ஸ்லோ மோஷனில் போட்டுப் பார்த்தால் அப்படியே தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது.

அம்மா வாசலிலிருந்து கத்தினாள்: "ரெண்டும் வெயில்ல என்னடி பண்றீங்க? அம்மிணி, ஹேமா, நீயாவது உள்ள வா. அது கெடக்குது."

எடுத்து முடித்ததும் நூல்களைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. காகிதப்பூச் செடி மேல் மாலை மாதிரி தொங்கவிட்டேன். மிச்சத்தை நடுவேலியில் அங்கங்கே போட்டேன். அலங்காரமாக இருக்கட்டும்.

உள்ளே போகும்போது அண்ணி கேட்டார், "அத்தைகிட்ட பேசினியா?"

"நல்ல நேரம் பாத்துட்டிருக்கேன் அண்ணி."

செப்டம்பர் 3

கூடலூர் சாதிக் என்று ஒருவர் நம் மணிமாறன் ரசிகர் குழுவில் இருக்கிறார். எல்லாவற்றையும் தெரிந்த மாதிரி பேசுவார். என் ரீலுக்குக் கீழே: "தங்கச்சி, அது அம்மையார் கூந்தல். உடனே எடுத்துடுங்க. வேலி போயிடும்."

"எவ்ளோ அன்பா சுத்திருக்கு பாருங்க ப்ரோ, அதப் போய் எடுக்கச் சொல்றீங்க" என்று போட்டேன். பக்கத்தில் அழுகிற பொம்மை.

அதற்கு அவர்: "அன்பா சுத்தல. சாப்பிடுது."

ஏனென்று தெரியவில்லை, அவ்வளவு கோபம் வந்தது. பிளாக் பண்ணிவிட்டேன். இவருக்கு அழகே தெரியாது.

செப்டம்பர் 5

அம்மா இன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தாள், பாட்டெல்லாம் முணுமுணுத்தாள். ஆனால் இட்லிப்பூச் செடிகளுக்கு நடுவில் கோரை ஏராளமாக வந்துவிட்டது. கோரையை மேலாகப் பிடுங்கினால் பிரயோஜனமில்லை, அடியில் கிழங்கு இருக்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். இருட்டும்வரை தோண்டினேன்.

செப்டம்பர் 7

செத்துப்போனேன்.

ஞாயிறு லைவில் மணிமாறன் என் ரீலைப் போட்டார். போட்டார் என்றதும் எழுந்து குதித்தேன். அம்மா, அப்பா, அண்ணி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அப்பா தேங்காய்க் களத்திலிருந்து வந்த கையோடு, சட்டையில் கொப்பரைத் தூசியோடு உட்கார்ந்தார்.

ரீல் முடிந்தது. மணிமாறன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"களைப்பகைவர்களே, இந்தத் தங்கச்சி பண்ணின காரியத்த யாரும் பண்ணிடாதீங்க. இது தங்கமில்ல சாமி, உறிஞ்சுற நூலு. மண்ணுலதான் முளைக்கும். ஒரு கிளை கெடச்சிதுன்னா தன் வேரையே விட்டுடும். அதுக்கப்புறம் அதுக்குச் சொந்தமா எதுவும் கெடையாது, எல்லாமே அந்தச் செடிகிட்டருந்துதான். ஒரு துண்டு போதும், போய் விழற எடத்துல புடிச்சிக்கும். நம்ம தங்கச்சி அத அறுத்து, ஊர்வலம் கூட்டிட்டுப் போயி, செடிக்குச் செடி மாலை போட்டிருக்கு!"

கமெண்டில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவால்ல, நம்ம வேலி டிவில வந்துருச்சு" என்றார்.

"டிவி இல்லப்பா."

"ஏதோ ஒண்ணு."

வெளியே ஓடினேன். இத்தனை நாள் நான் நூலை மட்டுமே பார்த்திருக்கிறேன். இன்றுதான் செம்பருத்தியைப் பார்த்தேன். கடைசி முனையில் இலையெல்லாம் வெளுத்து, மொட்டுகள் விரியாமலே காய்ந்து நிற்கின்றன. நான் மாலை போட்ட காகிதப்பூவில் நூல் கொழுகொழுவென்று ஏறியிருக்கிறது. நடுவேலியில் போட்ட இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு உருவினேன். அறுந்து அறுந்து வந்தது. அண்ணியும் வந்து பக்கத்தில் நின்று உருவினார். விரலெல்லாம் பிசுபிசுப்பு.

"நாந்தான் சுத்திக்கிட்டு நடந்தேன், எனக்கும் பங்கிருக்குது" என்றார் கடைசியில்.

அது என்னை இன்னும் அழவைத்தது.

செப்டம்பர் 9

காலேஜிலிருந்து வந்ததும் நேராக வேலிக்குப் போனேன். உருவிய இடத்திலெல்லாம் குட்டிக் குட்டி மஞ்சள் முனைகள். திரும்பவும் வருகிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளினேன். கிளையைத் தொட்டுப் பார்த்தால் நூல் பிடித்திருந்த இடமெல்லாம் சொரசொரவென்று தழும்பு. அது மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே போயிருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூம் படியில் அண்ணி வந்து உட்கார்ந்தது எனக்குத் தெரியாது. ரோட்டுப் பக்கம் நான் குனிந்திருந்தது அண்ணிக்கும் தெரியாது. நந்து அண்ணனின் போன். ஸ்பீக்கரில் கடல் இரைச்சல் மாதிரி என்னவோ கேட்டது.

"மௌனி பேசினாளா?"

"இன்னும் இல்லீங்க."

"நான் வேணா அவளுக்குப் போன் பண்ணட்டா?"

"வேண்டாங்க. அவ பாவம், களை புடுங்கிட்டிருக்கா. தெனமும் பொழுதோட இருட்டற வரைக்கும் புடுங்கறா. விடுங்க. இங்கயும் நல்லாத்தான் இருக்குது. மௌனி இருக்கா."

அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அம்மா ரசத்தில் உப்பு மறந்த அன்றும் நன்றாக இருக்கிறது என்று இப்படித்தான் சிரித்தார்.

அண்ணி உள்ளே போகும்வரை எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போய்விட்டது.

சாதிக் அண்ணனை அன்பிளாக் பண்ணினேன். என்ன செய்தால் போகும் என்று கேட்டேன். ஒரு திட்டும் இல்லாமல் பதில் போட்டார்: "நூலை எடுத்தாப் போகாதும்மா. புடிச்ச கிளையோட வெட்டணும். மனசு கேக்காது. ஆனா அடிக்கட்டை நல்லா இருந்தா செம்பருத்தி துளிர்த்துடும்."

செப்டம்பர் 10

காலேஜுக்கு லீவு போட்டேன். அரிவாளை எடுத்துக்கொண்டு போனால் அம்மா ஏற்கெனவே வேலி ஓரத்தில் நிற்கிறாள், காய்ந்த மொட்டு ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டு.

"முட்டி வரைக்கும் வெட்டணும்மா. பூராவும்."

"முட்டி வரைக்குமா? ரோட்டுல போறவன் வாரவனெல்லாம் வீட்டுக்குள்ள பாப்பானே."

"மறுபடி துளிர்க்கும்."

"எத்தன மாசத்துல?"

"தெரியலம்மா."

அம்மா வேலியைப் பார்த்தாள். இந்த வீடு கட்டிய வருஷம் அவள் கையால் நட்ட குச்சிகள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் கையிலிருந்து அரிவாளை வாங்கினாள். முதல் வெட்டு அவளுடையது. நான் உள்ளே போய்ப் பெரிய கத்திரியை எடுத்து வந்தேன். அவள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. வெட்டிய கிளையெல்லாம் தங்க நூலோடு சேர்ந்து சாய்ந்தது. தூறல் விழுந்துகொண்டே இருந்தது, நனைகிற அளவுக்கு இல்லை. பச்சை வாசனை.

நடுவில் வந்து சேர்ந்தபோது சொன்னேன்.

"அம்மா, அண்ணிக்கு வேலை கெடச்சிருக்குது."

"தெரியும்."

கத்திரி நின்றுவிட்டது.

"அவங்கம்மா போன் பண்ணினாங்க, அப்பவே. நான் வாயத் தொறக்கல. அவ கேக்கட்டும்னு இருந்தேன். அப்பறம் உன்னையக் கேக்கச் சொல்லிருக்கான்னும் அவங்கதான் சொன்னாங்க. நீ எப்ப வருவேன்னு பாத்தேன். நீ கோரை தோண்டீட்டு இருந்த." அம்மா ஒரு கிளையை வெட்டிப் போட்டாள். "நீ கேக்காத வரைக்கும் நல்லதாப் போச்சுன்னு நானும் பாட்டுப் பாடிட்டு இருந்தேன். அவ வந்த பொறகுதான் இந்த வீட்ல மத்தியானத்துல பேச்சுக் கொரல் கேக்குது. உங்கப்பன் களத்துக்குப் போயிருவாரு, நீ போனுக்குள்ள போயிருவ."

நானும் ஒரு கிளையை வெட்டிப் போட்டேன்.

"இப்பக் கேக்கறேன்மா. அனுப்பி வையி."

"நீயா கேக்கற? எந்நேரமும் அவ ரூம்லயே கெடக்கறவ நீ."

"இணைச்சீருக்கு நின்னவ கேக்கறேன்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் தூறல்.

"அது சரி. மௌனிகாவ நான் கேக்கறேன். உனக்கு எப்படி?"

"எனக்கு அவங்க போகக் கூடாது" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, மூக்கெல்லாம் ஒழுகியது, கையில் கத்திரி இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. அம்மா தன் முந்தானையால் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக.

"செரி, வெட்டு. அந்தக் காகிதப்பூ பாக்கி இருக்குது."

அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

சாயங்காலம் அப்பா களத்துக்குத் திரும்பக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று சொன்னாள்:

"வாரப்போ ரெண்டு லிட்டர் குக்கர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. நம்ம வீட்ல இருக்கறது ஒத்த ஆளுக்குப் பெருசு."

"யாரு ஒத்த ஆளு?"

"உங்க மருமவதான். மேகத்தப் பாக்கறதுக்குச் சம்பளம் தர்றாங்களாமா."

"பாக்கறதுக்கா?" அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். "நல்ல வேலையா இருக்குதே. வயசானவங்களையும் எடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு அம்மிணி."

அண்ணி காபி டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு நடையிலேயே நின்றுவிட்டார். அம்மா போய்த் தட்டை வாங்கி வைத்தாள்.

"மொத பத்து நாள் நான் வந்து கூட இருப்பேன். தண்ணி எப்படி, வீட்டுக்காரம்மா எப்படின்னு பாக்காம உட்டுட்டு வர மாட்டேன், சொல்லிட்டேன்."

"வாங்க அத்தை" என்றார் அண்ணி.

பிறகு என்னிடம் வந்தார். நான் அவசரமாகப் போனை எடுத்து எதையோ பார்க்கிற மாதிரி இருந்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தலையை என் தோளில் சாய்த்தார். எப்போதும் நான்தான் சாய்வேன்.

செப்டம்பர் 12

அண்ணி வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டார். நான்தான் டைப் பண்ணிக் கொடுத்தேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

செப்டம்பர் 14

காகிதப்பூவின் அடியில் ஒரே ஒரு மஞ்சள் முனை. அழகாகத்தான் இருந்தது. கிளையோடு வெட்டினேன்.

செப்டம்பர் 17

இன்று கிளம்பினார்கள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டார், அம்மா குக்கர் பையைத் தூக்கிக்கொண்டாள். கோயில் முக்கு வரை நடந்து போய்ப் பொள்ளாச்சி பஸ் ஏற வேண்டும்.

"நீ வரலையா?" என்றார் அண்ணி.

"வெட்டின கிளையெல்லாம் காஞ்சிருச்சு அண்ணி. மழை வர்றதுக்குள்ள எரிக்கணும். ஒரு துண்டு கெடந்தாலும் மறுபடி புடிச்சிக்கும்."

அண்ணி வானத்தைப் பார்த்தார். மழை வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டுப் போனார், வலிக்கிற மாதிரி.

குவியலுக்குத் தீ வைத்தேன். நூலெல்லாம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. சத்தமே இல்லாமல் எரிந்தது. புகை மட்டும் நிறைய, எழுந்து, எதையும் சுற்றாமல் அப்படியே மேலே போனது.

பஸ் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் பஸ் என்பது வேலிக்கு அப்பால் கேட்கிற ஒரு ஹாரன், அவ்வளவுதான். இன்று பார்த்தால் முழு பஸ்ஸும் தெரிகிறது. முட்டி உயரக் கட்டைகளுக்கு மேல் சக்கரம் முதல் கூரை வரை. பச்சை பஸ். ரோடு தென்னந்தோப்புகளுக்கு நடுவில் நீளமாகப் போய், வாய்க்கால் பாலம் தாண்டி வளைகிற இடம் வரை தெரிகிறது. நம் வாசலிலிருந்து இவ்வளவு தூரம் தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

கையை ஆட்டினேன். அண்ணி எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஆனாலும் ஆட்டினேன், பஸ் பாலம் ஏறும்வரை, வளையும்வரை, வளைந்த பிறகும்.

எதிரே மொபெட்டில் தென்னமட்டை கட்டிக்கொண்டு வந்த யாரோ ஒருவர், தனக்குத்தான் காட்டுகிறேன் என்று நினைத்து, ஒரு கையை எடுத்துப் பெரிதாக ஆட்டிவிட்டுப் போனார். நானும் அவருக்குத்தான் காட்டியது போல இன்னும் கொஞ்ச நேரம் காட்டினேன்.